துப்பாக்கிப் பயிற்சி முதல் திருக்குறள் மொழிபெயர்ப்பு வரை... யார் இந்த வ.வே.சு. ஐயர்? ஆயுதச் சட்டத்தோடு அவர் கதை எப்படி இணையுது?

சேத்தியாத்தோப்பில் இருக்கும் ஒருவர் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ள விரும்பினால், கடையில் போய் வாங்கிவிட முடியாது. கடலூர் மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பிக்கணும், காவல்துறை விசாரிக்கும், காரணம் சரியானதுன்னு அதிகாரிக்குத் தோணணும். உரிமம் கிடைச்சாலும், தேர்தல் வந்தால் பெரும்பாலும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கணும்.

இந்த உரிம முறைக்கு வேர் 1878-ல் இருக்கு. அந்தக் காலத்துச் சட்டம், துப்பாக்கி, விடுதலைப் போராட்டம் மூன்றும் ஒரே மனிதர் வாழ்க்கையில் சந்திச்சது. அவர்தான் வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர், சுருக்கமா வ.வே.சு. ஐயர்.

1878 சட்டம் என்ன சொன்னது?

வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்தது இந்திய ஆயுதச் சட்டம். இந்தியர்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குற்றம். ஐரோப்பியர்களுக்கோ விலக்கு. காட்டுப்பன்றியிடமிருந்து வயலைக் காக்க நினைக்கும் விவசாயி கூட உரிமம் கேட்டு நிற்கணும். அதே ஆண்டுதான் இந்திய மொழிப் பத்திரிகைகளை ஒடுக்கும் சட்டமும் வந்தது. ஆயுதம், எழுத்து ரெண்டுக்கும் ஒரே வருஷத்தில் பூட்டு!

பின்னாளில் அறவழியின் அடையாளமான காந்தியே, 1918-ல் போருக்கு ஆள் சேர்த்தபோது, ஆங்கிலேய ஆட்சியின் மிக மோசமான செயல்களில் ஒன்றாக இந்தச் சட்டத்தைச் சொன்னார். அந்த அளவுக்கு அது அவமானமாகப் பார்க்கப்பட்டது.

வக்கீல் புரட்சியாளர் ஆன கதை

1881 ஏப்ரல் 2-ல் திருச்சி வரகனேரியில் பிறந்தவர் ஐயர். சட்டம் படித்து திருச்சியில் வழக்கறிஞராக இருந்தார். பிறகு ரங்கூன் போனார். 1907-ல் பாரிஸ்டர் ஆகும் கனவோடு லண்டன் போனார்.

அங்கே இந்தியா ஹவுஸில் சாவர்க்கரின் நட்பு கிடைச்சதும் வாழ்க்கை திசை மாறியது. 1909 ஜூலையில் மதன்லால் திங்ரா, கர்சன் வைலி என்ற ஆங்கிலேய அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். போலீஸின் பார்வை இந்தியா ஹவுஸ் மேல் இறுகியது. அடுத்த ஆண்டு சாவர்க்கர் கைதானார். பாரிஸ்டர் பட்டத்தை விட்டுவிட்டு ஐயர் தப்பினார்.

தாடி வளர்த்து சீக்கியர் வேஷத்தில் போனார் என்றும், பெட்டியில் இருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துகளுக்கு வீர விக்ரம் சிங் என்று அர்த்தம் சொல்லிச் சமாளித்தார் என்றும் ஒரு கதை இன்றும் சொல்லப்படுது.

புதுச்சேரி ஏன்?

1910 இறுதியில் ஐயர் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பாரதியும் அரவிந்தரும் அப்போது அங்கேதான் இருந்தார்கள். காரணம் எளிது. சேத்தியாத்தோப்பு, சிதம்பரம், கடலூர் எல்லாம் பிரிட்டிஷாரின் தென்னாற்காடு மாவட்டம். கடலூரைத் தாண்டி தென்பெண்ணையைக் கடந்து பாகூர் பக்கம் போனால் பிரெஞ்சு ஆட்சி. அங்கே பிரிட்டிஷ் வாரண்டும் செல்லாது, பிரிட்டிஷ் ஆயுதச் சட்டமும் செல்லாது.

அந்த எல்லையின் அருமை பாரதிக்கு நல்லாவே தெரியும். 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததுமே கைதாகி, கடலூர் சிறையில் அடைக்கப்பட்டார்.

மணியாச்சியில் கேட்ட சத்தம்

புதுச்சேரியில் ஐயர் இளைஞர்களுக்கு உடற்பயிற்சியும் துப்பாக்கிப் பயிற்சியும் தந்தார். அப்படி வந்தவர்களில் ஒருவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை பிரௌனிங் பிஸ்டலால் சுட்டுக் கொன்ற வாஞ்சி, அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டார்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைக்கக் கூடாது என்ற சட்டம் அப்போது 33 ஆண்டுகளாக அமலில் இருந்தது. அது ஆஷைக் காப்பாற்றவில்லை. அதேபோல, அந்த ஒரு துப்பாக்கியால் பிரிட்டிஷ் ஆட்சியும் அசையவில்லை. கைதுகளும் கண்காணிப்பும்தான் கூடியது.

துப்பாக்கியிலிருந்து பேனாவுக்கு

அடுத்த ஆண்டுகளில் ஐயர் எழுத்துப் பக்கம் திரும்பினார். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தமிழின் ஆரம்பகாலச் சிறுகதைகளில் ஒன்றாகச் சொல்லப்படும் 'குளத்தங்கரை அரசமரம்' அவருடையதுதான். மெல்ல மெல்ல காந்தியின் அறவழிக்கும் வந்து சேர்ந்தார்.

1920-ல் பொதுமன்னிப்பில் வெளியே வந்து 'தேசபக்தன்' ஆசிரியரானார். இந்த முறை சிறைக்கு அனுப்பியது எழுத்து. 9 மாத பெல்லாரி சிறைவாசத்தில் கம்பராமாயணம் பற்றிய ஆங்கில ஆய்வை எழுதினார்.

கடைசி ஆண்டுகள் சுமுகமாக இல்லை. சேரன்மாதேவியில் அவர் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப் பந்தி போடப்பட்டது பெரும் புயலைக் கிளப்பியது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கடுமையாக எதிர்த்தார்கள். அந்தச் சர்ச்சை ஓயும் முன்பே, 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் விழுந்த மகள் சுபத்ராவைக் காப்பாற்றப் போய் ஐயரும் உயிரிழந்தார். வயது 44.

சுதந்திரத்துக்குப் பிறகு சட்டம் மாறியதா?

1931 கராச்சி காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைக்கும் உரிமையை அடிப்படை உரிமைகள் பட்டியலில் சேர்த்தது. ஆனா 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதே கோரிக்கையை வைத்தபோது அம்பேத்கர் ஏற்கவில்லை. எல்லோருக்கும் உரிமை என்றால் குற்றவாளிகளும் அதைக் கேட்பார்கள் என்பது அவர் வாதம். கோரிக்கை தோற்றது. அமெரிக்காவில் ஆயுதம் வைப்பது அரசியல் சட்ட உரிமை. இந்தியாவில் அது அரசு தரும் அனுமதி மட்டுமே.

1878 சட்டத்துக்குப் பதிலாக 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. இனப் பாகுபாடு இல்லை, உரிம முறை மட்டும் தொடருது. 2019 திருத்தத்துக்குப் பிறகு:

• ஒருவர் பொதுவாக வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் 3-லிருந்து 2 ஆகக் குறைந்தது.
• உரிமக் காலம் 3-லிருந்து 5 ஆண்டாக உயர்ந்தது.

தற்காப்பு உரிமை எல்லோருக்கும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதைத்தான் சொல்லுது. ஆனா அதைக் காட்டி யாரும் உரிமம் இல்லாத துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க முடியாது. அது இன்றும் சிறைக்கு அனுப்பும் குற்றம்தான்.