வில்லியம் ஸ்மித் (நிலவியலாளர்)

இக்கட்டுரை நிலவியலாளர் வில்லியம் ஸ்மித் பற்றியது. பொருளியலாளர் பற்றி அறிய ஆடம் ஸ்மித் கட்டுரையைப் பார்க்கவும்.

வில்லியம் ஸ்மித் (மார்ச் 23, 1769 – ஆகஸ்ட் 28, 1839) இங்கிலாந்தைச் சேர்ந்த நில அளவையாளரும் நிலவியலாளரும் ஆவார். ஒரு நாடு முழுவதற்குமான விரிவான நிலவியல் வரைபடத்தை முதன்முதலில் உருவாக்கியவர் எனக் கருதப்படுகிறார். ஆங்கில நிலவியலின் தந்தை எனவும் அழைக்கப்படுகிறார்.

இளமை

ஆக்ஸ்போர்ட்ஷயரில் உள்ள சர்ச்சில் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஸ்மித் என்னும் ஆங்கிலக் குடும்பப் பெயர் கொல்லரைக் குறிக்கும். இவரது தந்தையும் ஊர்க் கொல்லரே. எட்டு வயதில் தந்தையை இழந்த இவர் உழவரான உறவினரிடம் வளர்ந்தார். பல்கலைக்கழகக் கல்வி பெறவில்லை. 1787 இல் எட்வர்ட் வெப் என்னும் நில அளவையாளரிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

கண்டுபிடிப்பு

1791 இல் சாமர்செட் பகுதிக்குச் சென்று நிலக்கரிச் சுரங்கங்களை ஆராய்ந்தார். பின்னர் அங்கு நிலக்கரியை ஏற்றிச் செல்ல வெட்டப்பட்ட கால்வாயின் பணியில் ஈடுபட்டார். பாறை அடுக்குகள் எங்கும் ஒரே வரிசையில் அமைந்திருப்பதை அப்போது கவனித்தார். தோற்றத்தில் ஒத்த அடுக்குகளையும், அவற்றுக்கே உரிய தொல்லுயிர் எச்சங்களைக் கொண்டு வேறுபடுத்தி அறியலாம் என்பதைக் கண்டறிந்தார். 1799 இல் கால்வாய்ப் பணியை இழந்த பின்னரும், நாடெங்கும் பயணம் செய்து தகவல்களைத் திரட்டினார்.

1815 வரைபடம்

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தின் ஒரு பகுதி ஆகியவற்றைக் காட்டும் இவரது வரைபடம் 1815 இல் வெளியானது. ஜான் கேரி இதனைப் பதிப்பித்தார். ஓர் அங்குலத்துக்கு ஐந்து மைல் என்னும் அளவில் அமைந்த இது, ஏறத்தாழ எட்டரை அடி உயரமும் ஆறு அடி அகலமும் கொண்டது. ஒவ்வொரு படிக்கும் கையாலேயே வண்ணம் தீட்டப்பட்டது.

கடனும் சிறையும்

1807 இல் இலண்டனில் நிறுவப்பட்ட நிலவியல் கழகத்தில் செல்வர்களே பெரும்பாலும் இடம்பெற்றிருந்தனர். ஸ்மித் அதில் சேர்க்கப்படவில்லை. அதன் முதல் தலைவரான ஜார்ஜ் கிரீனோ உருவாக்கிய வரைபடம் 1820 இல் குறைந்த விலையில் வெளியானது. ஸ்மித்தின் ஆய்வுகள் அதில் பயன்படுத்தப்பட்டிருந்தன. இதற்கு முன்பே கல்குவாரித் தொழிலில் ஏற்பட்ட இழப்பால் ஸ்மித் கடனில் மூழ்கியிருந்தார். தாம் சேகரித்த தொல்லுயிர் எச்சங்களைப் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு விற்றும் கடன் தீரவில்லை. 1819 இல் இலண்டனில் கடனாளிகளுக்கான சிறையில் அடைக்கப்பட்டார். சில வாரங்களில் விடுதலையானபோது அவரது உடைமைகள் பறிபோயிருந்தன. அதன் பின் வட இங்கிலாந்து சென்று ஊர் ஊராக நில அளவைப் பணி செய்தார்.

அங்கீகாரம்

1831 இல் நிலவியல் கழகம் தனது வோலஸ்டன் பதக்கத்தை முதன்முதலாக ஸ்மித்துக்கே வழங்கியது. 1832 இல் அரசு ஆண்டுக்கு 100 பவுண்டு ஓய்வூதியம் அளித்தது. 1835 இல் டப்ளின் திரித்துவக் கல்லூரி மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1838 இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கான கல்லைத் தெரிவு செய்யும் குழுவில் இடம்பெற்றார். அடுத்த ஆண்டு நார்தாம்ப்டனில் காலமானார். இவர் வளர்த்த சகோதரி மகன் ஜான் பிலிப்சும் புகழ்பெற்ற நிலவியலாளர் ஆனார். 1865 இல் வெளிவந்த கிரீனோ வரைபடத்தின் பதிப்பில், அது ஸ்மித்தின் வரைபடத்தை அடிப்படையாகக் கொண்டது என்பது குறிப்பிடப்பட்டது.