60 வயதில் உடம்பில் 80 இடங்களில் அடி.. பனிச்சரிவை ஆராய்ந்தவரையே விழுங்கிய பனி! யார் இந்த மத்தியாஸ் ஸ்தார்ஸ்கி?

குல்மார்க்கோ சுவிட்சர்லாந்தோ, பனி மலையில் பாதை இல்லாத சரிவுகளில் ஸ்கீ போகிறவர்களின் ஜாக்கெட்டுக்குள் இன்று கையடக்கமாக ஒரு கருவி இருக்கும். பெயர் பீக்கன். பனிச்சரிவில் ஒருவர் புதைந்துபோனால், கூட வந்தவர்கள் அவரைச் சில நிமிடங்களில் கண்டுபிடிக்க உதவும் கருவி இது.

இந்தக் கருவி வருவதற்கு 50 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மனிதர் பனிச்சரிவுக்குள் போய் உயிரோடு வெளியே வந்தார். அவர் விவரம் தெரியாமல் மலைக்குப் போன சுற்றுலாப் பயணி இல்லை. பனியைப் படிக்கத் தெரிந்தவர் என்று ஒரு ராணுவமே நம்பி அழைத்துப்போன ஆள். ஆஸ்திரியாவில் இன்றும் கொண்டாடப்படும் மத்தியாஸ் ஸ்தார்ஸ்கியின் கதை இது.

ஸ்கீ தெரியாத ஊருக்கு வந்த ஸ்கீ

1856 பிப்ரவரி 25 அன்று, இன்றைய செக் குடியரசில் இருக்கும் மொராவியா பகுதியில் பிறந்தவர் ஸ்தார்ஸ்கி. அப்போது அது ஆஸ்திரியப் பேரரசின் பகுதி. பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். ஓவியம், சிற்பம் இரண்டிலும் கை வைத்தார். அப்புறம் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, 1889இல் வியன்னாவுக்குத் தென்மேற்கே லிலியன்ஃபெல்ட் என்ற சிற்றூருக்கு அருகே, மலைச்சரிவில் ஹாபர்ன்ரைட் என்ற பண்ணையை வாங்கித் தனியாகக் குடியேறினார்.

அந்த நேரத்தில்தான் நார்வேக்காரர் ஃபிரிட்யாஃப் நான்சென் ஸ்கீயில் கிரீன்லாந்தைக் கடந்து உலகப் புகழ் பெற்றிருந்தார். 1888இல் நடந்த அந்தப் பயணத்தைப் பற்றிப் படித்த ஸ்தார்ஸ்கி, நார்வேயிலிருந்து ஒரு ஜோடி ஸ்கீயை வரவழைத்தார். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. பார்த்துக் கற்றுக்கொள்ளவும் பக்கத்தில் யாரும் இல்லை.

வந்து சேர்ந்த ஸ்கீயும் சரிப்பட்டு வரவில்லை. நார்வேயின் மேடு பள்ளங்களுக்கு ஏற்ற நீளமான ஸ்கீ அது. ஆல்ப்ஸ் மலையோ செங்குத்து. அதில் நேராக இறங்கினால் நிறுத்தவே முடியாது. ஸ்தார்ஸ்கி ஸ்கீயின் நீளத்தைக் குறைத்தார். காலையும் ஸ்கீயையும் இணைக்கும் பிடிமானத்தை மாற்றி மாற்றிச் செய்துபார்த்தார். சுமார் 6 ஆண்டுகளில் ஏறக்குறைய 200 முயற்சிகள். கடைசியில் உலோகத் தகடு வைத்த ஒரு பிடிமானம் கைகூடியது. கையில் ஒற்றைக் கோலுடன், வளைந்து வளைந்து, வேகத்தைக் கட்டுப்படுத்தி இறங்கும் முறை பிறந்தது. 1896ஆம் ஆண்டுவாக்கில் இதை லிலியன்ஃபெல்ட் முறை என்ற பெயரில் புத்தகமாகவும் போட்டார்.

நார்வேக்காரர்களுக்கும் அவர்களைப் பின்பற்றியவர்களுக்கும் இது பிடிக்கவில்லை. பத்திரிகைகளில் பெரிய சண்டையே நடந்தது. ஸ்தார்ஸ்கியும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. அந்தச் சண்டைகளில் யார் சொன்னது சரி என்பதை விடுங்கள்.. ஆயிரக்கணக்கான சாதாரண மக்களுக்குக் காசு வாங்காமல் ஸ்கீ கற்றுக்கொடுத்தார் என்பதுதான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது.

1905 மார்ச் 19 அன்று லிலியன்ஃபெல்ட் அருகே மூக்கன்கோகல் மலையில் அவர் நடத்திய போட்டியில் 24 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர் பெண். சரிவில் நடப்பட்ட 85 கொடித் தடங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கி வர வேண்டும். இன்று ஒலிம்பிக்கில் டிவியில் பார்க்கும் ஸ்லாலம் பந்தயத்தின் தொடக்கம் இதுதான் என்கிறார்கள் ஸ்கீ வரலாற்றாசிரியர்கள். இதில் வேகம் மட்டும் கணக்கு இல்லை, விழாமல் வருவதும் கணக்கு. ஸ்தார்ஸ்கியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விதியே போதும். அவருக்கு ஸ்கீ என்பது சாகசம் இல்லை. மலையில் ஏறிப் பத்திரமாக வீட்டுக்குத் திரும்பும் வழி.

துப்பாக்கியை விடப் பயங்கரமான எதிரி

1915 மே மாதம் இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி மீது போர் தொடுத்தது. எல்லை முழுக்க மலை. 3,000 மீட்டர் உயரத்திலும் பதுங்குகுழி, முகாம், பீரங்கி. குளிர்காலம் வந்ததும் இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒரு எதிரி முளைத்தது. அதுதான் பனிச்சரிவு. ஆயிரக்கணக்கான வீரர்கள் குண்டு படாமலேயே பனிக்கு அடியில் இறந்தார்கள். எதிரி முகாமுக்கு மேலே இருக்கும் பனிச்சரிவைப் பீரங்கியால் சுட்டுச் சரியவைக்கும் வேலையும் நடந்தது.

சமவெளியிலிருந்து வந்த அதிகாரிகளுக்கு மலை தெரியாது. குண்டு விழாத இடம் எது என்று பார்த்து முகாம் போட்டார்கள். பல நேரம் அதுதான் பனி வந்து விழும் இடமாகவும் இருந்தது. இந்த நிலைமையில்தான் மலைப் போருக்கான ஆலோசகராகவும் பயிற்சியாளராகவும் ஸ்தார்ஸ்கியை ஆஸ்திரிய ராணுவம் அழைத்துக்கொண்டது. எந்தச் சரிவு எப்போது ஆபத்து, எந்த வழியில் போகலாம், எங்கே போகவே கூடாது.. இதெல்லாம் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை.

1916 பிப்ரவரி 28. அவருக்கு 60 வயது முடிந்து மூன்றே நாள் ஆகியிருந்தது. மீட்புப் பணிக்காகப் போன இடத்தில் இன்னொரு பனிச்சரிவு இறங்கியது. ஸ்தார்ஸ்கி அதற்குள் மாட்டிக்கொண்டார்.

உயிர் தப்பினார். ஆனா உடம்பு? எலும்பு முறிவும் மூட்டு விலகலும் சேர்த்து 80 இடங்களில் அடி என்று பதிவாகியிருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். பனிச்சரிவைப் பற்றித் தெரிந்திருந்ததால்தான் அவரை அங்கே கூப்பிட்டார்கள். தெரிந்திருந்தும் தப்ப முடியவில்லை. மீட்கப் போகிறவர்கள் நிற்பதும் அதே சரிவில்தான். மேலே மிச்சமிருக்கும் பனி, வருகிறவர் நிபுணரா என்று பார்த்து இறங்குவதில்லை. இன்றும் மீட்புக் குழுக்கள் தேட இறங்குவதற்கு முன்னால் மேலே பார்ப்பது இதனால்தான்.

அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று இத்தாலிய ஆல்ப்ஸின் மார்மொலாடா மலையில் ஆஸ்திரிய முகாம் ஒன்று பனிக்கு அடியில் போனது. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான வீரர்கள் பலி. முகாமை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று அங்கிருந்த அதிகாரி முன்பே கேட்டிருந்தார். மேலிடம் கேட்கவில்லை. ஸ்தார்ஸ்கி போன்றவர்களின் பேச்சுக்கு ராணுவத்தில் எவ்வளவு மதிப்பு இருந்தது என்ற கேள்விக்கு இதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு என்ன இருந்தது? இன்றைக்கு என்ன இருக்கிறது?

ஸ்தார்ஸ்கி காலத்தில் புதைந்தவரைத் தேட இருந்தது நீளக் கம்பி, மண்வாரி, நாய், அப்புறம் அதிர்ஷ்டம். இடுப்பில் நீளமான சிவப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, அதை இழுத்தபடியே ஆபத்தான சரிவைக் கடக்கும் வழக்கமும் ஆல்ப்ஸில் இருந்தது. ஆள் புதைந்தாலும் கயிற்றின் ஒரு துண்டாவது வெளியே தெரியும் என்ற நம்பிக்கை. சில நேரம் தெரிந்தது. பல நேரம் கயிறும் சேர்ந்தே புதைந்தது.

பீக்கன் என்ற யோசனை நடைமுறைக்கு வந்தது 1968இல். அமெரிக்காவின் பஃபலோ நகரில் இருந்த கார்னெல் ஏரோநாட்டிக்கல் ஆய்வகத்தின் ஜான் லாட்டன் அதை உருவாக்கினார். 1971இல் ஸ்காடி என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஸ்காடி, நார்வே நாட்டுப் பழங்கதைகளில் வரும் பனிமலைத் தேவதை. ஸ்கீ போட்டுக்கொண்டு வேட்டைக்குப் போகிறவள். பெயர் வைத்தவருக்கு நல்ல ரசனை!

வேலை செய்யும் விதம் எளிமையானது. குழுவில் ஒவ்வொருவரும் ஒரு பீக்கனை உடம்போடு வாரால் கட்டிக்கொள்ள வேண்டும். பைக்குள் வைத்தால் பனி பையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். கிளம்பும்போது எல்லா பீக்கனும் சிக்னல் அனுப்பும் நிலையில் இருக்கும். ஒருவர் புதைந்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றுவார்கள். உலகம் முழுக்க இன்று ஒரே அலைவரிசைதான், 457 கிலோஹெர்ட்ஸ். அதனால் எந்த நாட்டில் வாங்கிய, எந்த கம்பெனி பீக்கனும் இன்னொன்றைக் கண்டுபிடிக்கும்.

திரையில் அம்புக்குறியும் தூரமும் காட்டும். அம்பு நேர்கோட்டில் கூட்டிக்கொண்டு போகாது, வளைவாகப் போகும். பீக்கனின் காந்தப்புலம் வளைந்திருப்பதுதான் காரணம். பழக்கமில்லாதவர் இங்கேதான் குழம்பி நேரத்தை விடுவார். நெருங்கியதும் கருவியைப் பனியை ஒட்டிப் பிடித்து மெதுவாக நகர்த்தி, மிகக் குறைந்த எண் காட்டும் இடத்தைப் பிடிக்கணும். அங்கிருந்து ப்ரோப் எனப்படும் மடக்குக் கம்பியைச் சுற்றிச் சுற்றிக் குத்த வேண்டும். ஆள் மீது பட்டால் கம்பியை உருவாமல் அப்படியே விட்டுவிட்டு, அதற்குச் சற்றுக் கீழே, சரிவின் பக்கவாட்டிலிருந்து தோண்ட வேண்டும். நேர் மேலே நின்று தோண்டினால் உள்ளே இருப்பவரின் மூச்சுக்குக் கிடைத்த கொஞ்ச இடமும் நசுங்கிவிடும். ஆக பீக்கன், ப்ரோப், ஷவல் மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு செட். ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் வீண்.

மொபைலில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு தகவல். செல்போனும் பீக்கனும் ஆகாது. போனின் மின்காந்த அலை பீக்கன் சிக்னலைக் கெடுக்கும். சாதாரண நேரத்தில் இரண்டுக்கும் இடையே குறைந்தது 20 சென்டிமீட்டரும், தேடும்போது 50 சென்டிமீட்டரும் இடைவெளி வேண்டும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். ஸ்மார்ட் வாட்ச், கேமரா, சூடேற்றும் கையுறைக்கும் இதே கதைதான்.

எல்லா அவசரமும் ஏன்? பனிக்குள் புதைபவர்களில் பெரும்பாலோர் இறப்பது குளிரால் இல்லை, மூச்சுத் திணறலால். முதல் 10 முதல் 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் தாண்டினால் மூன்றில் ஒருவர்தான். ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க நேரம் இல்லை. காப்பாற்றப்போவது பக்கத்தில் நிற்கும் நண்பர்தான்.

ஸ்தார்ஸ்கியின் விபத்துக்குச் சரியாக 100 ஆண்டு கழித்து, 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 10 வீரர்களைப் பனி மூடியது தமிழ்நாட்டுக்கு மறந்திருக்காது. அதில் 4 பேர் நம் மாநிலத்தவர். ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் உயிரோடு மீட்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று அவரும் டெல்லி மருத்துவமனையில் இறந்தார். அத்தனை நாள் உயிர் தாக்குப்பிடிப்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

திரும்பவும் ஸ்கீ ஏறிய மனிதர்

80 அடி வாங்கிய 60 வயதுக்காரர் இனி எழுந்து நடந்தாலே பெரிது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஸ்தார்ஸ்கி தனக்கான உடற்பயிற்சிக் கருவிகளைத் தானே செய்துகொண்டார். ஸ்கீ பிடிமானத்துக்காக 200 தடவை முயன்ற அதே பிடிவாதம். மெல்ல மெல்லத் தேறி மறுபடியும் ஸ்கீயில் இறங்கினார்.

போரில் பார்த்ததையும் தனக்கு நேர்ந்ததையும் வைத்துப் பனிச்சரிவு பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். 1929ஆம் ஆண்டுவாக்கில் வெளிவந்த அந்த நூல், பனிச்சரிவு ஆய்வின் தொடக்ககால நூல்களில் முக்கியமானது. பார்க்க அப்பாவியாகத் தெரியும் வெண்பனியை அவர் ஆட்டுக்குட்டித் தோல் போர்த்திய புலி என்று வர்ணித்தது ஆல்ப்ஸில் இன்றும் பிரபலம். ஐரோப்பியப் பழமொழியில் ஆட்டுத் தோலுக்குள் இருப்பது ஓநாய். அது பத்தாது என்று புலியாக்கினார் ஸ்தார்ஸ்கி. நமக்கு அந்தச் சிரமம் இல்லை. பசுத்தோல் போர்த்தியது நம்ம ஊரில் எப்பவும் புலிதான்!

அந்தப் புலி எங்கே படுத்திருக்கும் என்பது இன்று ஓரளவு தெரியும். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்புகின்றன. பெருமழை மாதிரிப் பனி கொட்டி முடிந்த முதல் நாள், காற்று பனியை அள்ளி வந்து ஒரு பக்கம் குவித்த சரிவு, திடீரென வெயில் ஏறும் நேரம்.. இவை ஆபத்தான நேரங்கள். அடியில் இளகிய பனி, மேலே காற்றால் இறுகிய பனிப்பலகை. மேலே ஒருவர் கால் வைத்ததும் பலகை முழுசாக உடைந்து வழுக்கும். ஸ்கீ, மலையேற்ற விபத்துகளில் பத்தில் ஒன்பதில் பனியைக் கிளப்பிவிட்டதே மாட்டிக்கொண்டவரோ அவருடன் வந்தவரோதான். அதனால்தான் ஆபத்தான சரிவை ஒவ்வொருவராகக் கடக்கச் சொல்கிறார்கள். ஒருவர் மாட்டினால் தேட மற்றவர்கள் வெளியே இருக்க வேண்டுமே. பீக்கன் இருக்கிறது என்ற தைரியத்தில் அந்தச் சரிவில் இறங்குகிறவர்களைப் பீக்கன் தடுக்காது. அது வேலையை ஆரம்பிப்பதே ஆள் புதைந்த பிறகுதான்.

ஸ்தார்ஸ்கி 1940 ஜூன் 20 அன்று சாங்க்ட் போல்டன் நகரில் காலமானார். வயது 84. அவரை அடக்கம் செய்தது, முதல் ஸ்கீயை வரவழைத்து விழுந்து எழுந்து பழகிய அதே ஹாபர்ன்ரைட் மலைச்சரிவில். அவர் உருவாக்கிய பிடிமானங்களை லிலியன்ஃபெல்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.