வெள்ளை மண்ணுக்குப் பதில் இன்னொரு வெள்ளை மண்: ஜோசையா வெட்ஜ்வுட் செய்தது என்ன?

வீட்டில் இருக்கும் பீங்கான் தட்டு பளபளன்னு இருக்கக் காரணம், அதன் மேல் உள்ள 'கிளேஸ்' என்ற கண்ணாடிப் பூச்சு. அந்தப் பூச்சிலும் கொஞ்சம் களிமண் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. எந்த மண், எவ்வளவு, அதை மாற்றினால் என்ன ஆகும்? இந்தக் கேள்விகளோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் ஜோசையா வெட்ஜ்வுட். பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வினின் அம்மா வழித் தாத்தா இவர்.

சக்கரத்தை விட்ட குயவர்

இங்கிலாந்தின் பர்ஸ்லெம் ஊரில் 1730-ல் குயவர் குடும்பத்தில் பிறந்தார். 1739-ல் அப்பா இறந்ததும் குடும்பப் பட்டறையில் வேலைக்கு இறங்கினார். அடுத்து பெரியம்மை தாக்கியது. உயிர் தப்பினாலும் முழங்கால் கெட்டுப்போனது. காலால் மிதித்துச் சுற்றும் சக்கரத்தில் தொடர்ந்து வேலை பார்க்க முடியல. கவனம் மண் கலவை, பூச்சு பக்கம் திரும்பியது. 1768-ல் அந்தக் காலையே வெட்டி எடுத்தார்கள். அப்போது மயக்க மருந்துகூட கிடையாது.

1759-ல் சொந்தத் தொழில் தொடங்கினார். ஒவ்வொரு சோதனைக்கும் எண் போட்டு, ரகசியக் குறியீட்டில் நோட்டில் எழுதி வைத்தார். வாழ்நாளில் செய்த சோதனைகள் ஆயிரக்கணக்கில். இவருடைய வெண்ணெய் நிறப் பாத்திரங்கள் ராணி சார்லட்டுக்குப் பிடித்துப்போக, அவற்றுக்கு 'குயின்ஸ் வேர்' என்றே பெயர் வந்தது.

மண்ணை மாற்றினால் என்ன?

பூச்சு உருகும்போது பாத்திரத்திலிருந்து வழிந்துவிடாமல் பிடித்து வைப்பது மண்ணில் உள்ள அலுமினா. பூச்சுத் தூள் தண்ணீரில் அடியில் தங்காமல் மிதக்க உதவுவதும் மண்தான். ஆனால் எல்லா மண்ணும் ஒன்றல்ல. சில மண் காயும்போது அதிகம் சுருங்கும்; பூச்சு விரிசல் விட்டு, சூளையில் ஆங்காங்கே விலகிக்கொள்ளும். இரும்புச்சத்து கூடினால் மஞ்சள் தட்டும். அதே அளவில் வேறு மண்ணைப் போட்டால் அதே பூச்சு கிடைக்காது.

அமெரிக்காவா, கார்ன்வாலா?

வாடிக்கையாளர்கள் கேட்டது சீனப் பீங்கான் போன்ற வெண்மை. 1767-ல் தாமஸ் கிரிஃபித்ஸ் என்பவரை அமெரிக்காவின் செரோக்கி மக்கள் பகுதிக்கு அனுப்பி, சில டன் வெள்ளை மண் வரவழைத்தார். செலவு எகிறியது. தொடர்ந்து வாங்க அது சரிப்படல.

உள்நாட்டிலேயே கார்ன்வாலில் சீனக் களிமண் இருந்தது. சிக்கல் என்னன்னா, அதில் பீங்கான் செய்ய வில்லியம் குக்வொர்த்தி 1768-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். பின்பு அது ரிச்சர்ட் சாம்பியன் கைக்குப் போனது. 1775-ல் சாம்பியன் நாடாளுமன்றத்தில் கால நீட்டிப்பு கேட்க, வெட்ஜ்வுட் எதிர்த்து நின்றார். நீட்டிப்பு கிடைத்தது. ஆனால் ஒளி ஊடுருவும் பீங்கான் மட்டுமே சாம்பியனுக்கு. மற்றவற்றுக்கு அந்த மண்ணை யாரும் பயன்படுத்தலாம் என்றானது. அதே ஆண்டு வெட்ஜ்வுட் கார்ன்வாலுக்கே போய் மண் தேடினார்.

1779-ல் 'பேர்ல் ஒயிட்' வந்தது. பாத்திரத்தின் மண்ணில் சீனக் களிமண் கூடியது; பூச்சில் துளி கோபால்ட் சேர்ந்து மஞ்சளை மறைத்தது. வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுற அதே டெக்னிக்!

ஒன்றை மட்டும் அவரால் விட முடியல. பூச்சில் ஈயம் தொடர்ந்தது. அதன் நச்சு, பூச்சில் பாத்திரங்களைத் தோய்த்த தொழிலாளர்களின் உடலில் ஏறும்.

சூடு பட்டால் மண் சுருங்கும் குணத்தையே அளவுகோலாக்கி, சூளையின் வெப்பத்தை அளக்கும் கருவியை 1782-ல் அறிமுகப்படுத்தினார். மறு ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1795 ஜனவரி 3-ல் காலமானார்.

இன்றும் ஒரு மண் கிடைக்காமல் போனால், குயவர்கள் மாற்று மண்ணைச் சிறு ஓட்டில் பூசி, சுட்டுப் பார்த்த பிறகே பாத்திரத்தைத் தொடுகிறார்கள். வெட்ஜ்வுட்டின் நோட்டில் இருப்பதும் அந்த வேலைதான்.