மவுண்ட் ரோடு ஓட்டல்காரர் கட்டிய விமானம்: 1910-ல் சென்னையில் பறந்த டி'ஏஞ்சலிஸ் யார்?

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அருவியில் தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன், காற்று எப்படி அடிக்கிறது என்று பார்ப்பார்கள். ஆரியங்காவு கணவாய் வழியாக மேல்காற்று இறங்கினால் சாரல் வரும். அந்தக் காற்றை நம்பித்தான் சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றன.

இப்போது கைபேசியைத் திறந்தால், வெளிநாட்டில் யாரோ ஒருவர் தன் வீட்டு கார் ஷெட்டில் நூறு வருடத்துக்கு முந்தைய விமானத்தின் மாதிரியை மரமும் துணியுமாகக் கட்டி, தானே ஓட்டிப் பறக்கும் வீடியோ வருகிறது. பார்த்ததும் நமக்கு ஒரு கேள்வி எழும். நம்ம ஊரில் இதெல்லாம் நடக்குமா?

நடந்திருக்கிறது. அதுவும் நேற்று இன்றல்ல, 1910-ல். நடந்த இடம் சென்னை. செய்தவர் பொறியாளரும் அல்ல, ராணுவ அதிகாரியும் அல்ல. ஓட்டல் நடத்தியவர். பெயர் ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ்.

யார் இந்த டி'ஏஞ்சலிஸ்?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், பெரிய மனிதர்கள் தங்கவும் விருந்து உண்ணவும் போன இடங்களில் ஒன்று டி'ஏஞ்சலிஸ் ஓட்டல். அதன் உரிமையாளர்தான் இவர். கார்சிகா தீவைச் சேர்ந்தவர் என்று சென்னை வரலாற்றை எழுதிய எஸ்.முத்தையா குறிப்பிடுகிறார். ஐரோப்பாவில் இருந்து கப்பலேறி வந்து, சமையலிலும் உபசரிப்பிலும் பெயர் வாங்கி, சென்னையிலேயே காலூன்றியவர்.

ஓட்டல் தொழிலில் இருப்பவருக்கு உலகச் செய்தி சீக்கிரம் வந்து சேரும். கப்பலில் இறங்கும் ஒவ்வொரு விருந்தினரும் ஒரு செய்தித்தாள் மாதிரி. 1909-ல் அப்படி வந்த செய்திகளில் ஒன்று அவரை உட்கார விடவில்லை.

அந்தச் செய்தி என்ன?

1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களின் முதல் பறத்தல் வெறும் 12 விநாடிகள். தூரம் 120 அடி. அடுத்த சில ஆண்டுகள் உலகத்தில் பாதிப் பேர் அதை நம்பவே இல்லை. நம்ப வைத்தவர்களில் முக்கியமானவர் பிரான்சின் லூயி பிளேரியோ. 1909 ஜூலை 25 அன்று, 25 குதிரைத்திறன் எஞ்சின் வைத்த சின்ன விமானத்தில், பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான கடல் கால்வாயைச் சுமார் 37 நிமிடங்களில் அவர் கடந்தார். 25 குதிரைத்திறன் என்பது இன்றைய 350 சிசி பைக் எஞ்சினைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

பிளேரியோ ஒன்றும் முதல் முயற்சியிலேயே ஜெயித்தவர் இல்லை. கார் விளக்கு தயாரித்து விற்ற பணத்தை எல்லாம் விமானத்தில் போட்டு, ஒன்றன்பின் ஒன்றாக உடைத்து, அடிபட்டு, கடைசியில் சாதித்தவர். அதாவது, கைக்காசைப் போட்டுத் தானே கட்டித் தானே ஓட்டிப் பழகிய மனிதர். இந்தக் கதைதான் சென்னையில் இருந்த ஓட்டல்காரரைத் தொட்டது. அவரால் முடிந்தால் நம்மாலும் முடியும் என்று டி'ஏஞ்சலிஸ் இறங்கிவிட்டார்.

விமானம் எங்கே கட்டப்பட்டது?

வடிவமைப்பு முழுக்க அவருடையது. இரட்டை இறக்கை, சின்ன எஞ்சின். கட்டும் வேலையை மவுண்ட் ரோட்டிலேயே இருந்த சிம்ப்ஸன் நிறுவனத்திடம் ஒப்படைத்தார்.

சிம்ப்ஸன் குதிரை வண்டி செய்யும் நிறுவனமாக 1840-ல் தொடங்கியது. குதிரை வண்டிப் பட்டறையில் விமானமா என்று தோன்றலாம். ஆனா, யோசித்துப் பார்த்தால் அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அக்காலத்து விமானத்தில் உலோகம் குறைவு. மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி, சட்டம் கோணாமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி, கீழே லேசான சக்கரம். மரத்தை உடையாமல் வளைப்பது, எடை குறைந்த சக்கரம் செய்வது, துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துத் தைப்பது எல்லாம் வண்டிப் பட்டறைத் தச்சர்களுக்குக் கைவந்த கலை. போதாததற்கு, 1903-லேயே நீராவியில் ஓடும் காரைச் செய்து சென்னைத் தெருவில் விட்டவர்கள் அவர்கள். எஞ்சின் அவர்களுக்குப் புதிது அல்ல.

இந்தியாவின் தொடக்ககால விமானம் ஒன்று சென்னைத் தச்சர்களும் கொல்லர்களும் தையல்காரர்களும் சேர்ந்து செய்த பொருள். ஆனால், வரலாறு ஒரே ஒரு பெயரைத்தான் சொல்கிறது. அந்தத் தொழிலாளர்களின் பெயர் எங்கும் இல்லை.

சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் எப்படிப் பழகினார்?

இதுதான் கதையின் கஷ்டமான பகுதி. இன்று விமானம் ஓட்டப் பழகுபவருக்குப் பக்கத்து இருக்கையில் ஆசிரியர் இருப்பார். அவர் முன்னாலும் ஒரு ஸ்டிக் இருக்கும். தப்பு செய்தால் அவர் சரிசெய்வார். 1910-ல் சென்னையில் அப்படி ஒரு ஆசிரியர் இல்லை. தானாகக் கட்டியவர் தானாகத்தான் பழக வேண்டும்.

அக்காலத்தில் இப்படிப் பழகியவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வழியில்தான் போனார்கள். முதலில் தரையிலேயே ஓட்டுவது. எஞ்சினை எவ்வளவு திறந்தால் வால் தூக்குகிறது, காற்று பக்கவாட்டில் தள்ளினால் எப்படி நேராக்குவது என்பதெல்லாம் அதில் புரியும். அடுத்து, தரையைவிட்டு ஒரு ஆள் உயரம் எழும்பி உடனே இறங்குவது. பிறகு அந்தத் தாவலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவது. வளைவில் திரும்புவது கடைசிப் பாடம். திரும்பும்போது வேகம் குறைந்தால் இறக்கை தாங்காது, விமானம் சரிந்துவிடும். அக்காலத்தில் பலர் உயிரை விட்டது அந்த இடத்தில்தான்.

சென்னை வெயில் வேறு. காற்று சூடானால் லேசாகிவிடும். லேசான காற்றில் இறக்கைக்குத் தாங்குதிறன் குறையும், எஞ்சினுக்கும் பலம் குறையும். சின்ன எஞ்சினை வைத்துக்கொண்டு இந்த ஊரில் மேலே ஏறுவது ஐரோப்பாவில் ஏறுவதைவிடக் கடினம்.

டி'ஏஞ்சலிஸ் தன் விமானத்தைப் பரிசோதித்துப் பார்த்த இடம் பல்லாவரம். அன்று ஊருக்கு வெளியே இருந்த பொட்டல். இன்று அதற்குப் பக்கத்திலேயே சென்னை விமான நிலையம் இருக்கிறது. தினமும் அந்த வழியாகப் பறக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தீவுத்திடலில் என்ன நடந்தது?

பல்லாவரத்தில் நம்பிக்கை வந்ததும், 1910 மார்ச்சில் தீவுத்திடலில் பொதுமக்கள் முன்னால் பறந்து காட்டினார். ஓட்டல்காரர் அல்லவா, இலவசமாகக் காட்டவில்லை. கட்டணம் வைத்தார். கூட்டமும் வந்தது. விமானம் எழும்பியது. இறங்கியதும், கூட வர யாருக்காவது விருப்பமா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். ஒருவர் துணிந்து முன்வந்தார். அவரையும் ஏற்றிக்கொண்டு பறந்தார்.

அந்த முன்வந்தவரை நினைத்துப் பாருங்கள். வாழ்க்கையில் விமானத்தையே பார்த்திராதவர், ஓட்டல்காரர் ஒருவர் கட்டிய துணி இறக்கையை நம்பி ஏறி உட்கார்ந்திருக்கிறார்!

தென்காசியில் அன்று நிலைமை என்ன? கொல்லத்தில் இருந்து மலையைக் குடைந்து செங்கோட்டைக்கு ரயில் பாதை வந்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. மலைக்குள் புகுந்து வெளிவரும் ரயிலே இங்கே இன்னும் அதிசயம். அப்போது சென்னையில் ஒருவர் வானத்தில் ஏறிவிட்டார்.

பிறகு ஏன் மறந்துபோனோம்?

இந்தியாவின் முதல் விமானப் பறத்தல் எது என்று தேடினால் பெரும்பாலும் அலகாபாத் என்றுதான் பதில் வரும். 1910 டிசம்பரில் அங்கே நடந்த கண்காட்சிக்கு, ஐரோப்பாவில் இருந்து விமானங்களும் ஓட்டுநர்களும் வரவழைக்கப்பட்டார்கள். 1911 பிப்ரவரி 18 அன்று பிரான்சின் ஆன்றி பெக்கே, சுமார் 6,500 கடிதங்களை ஏற்றிக்கொண்டு யமுனையைக் கடந்து நைனிக்குப் பறந்தார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அது.

சென்னை அதற்குப் பல மாதம் முந்தியது. அதோடு, அலகாபாத் விமானங்கள் கப்பலில் வந்தவை. சென்னை விமானம் இங்கேயே கட்டப்பட்டது. ஆனால், அலகாபாத்தில் இருந்து போன ஒவ்வொரு கடிதத்திலும் தேதியோடு சிறப்பு முத்திரை இருந்தது. சேகரிப்பாளர்கள் இன்றும் அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். தீவுத்திடலில் டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்கள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு ஊர் சாட்சியைக் காகிதத்தில் வைத்தது. இன்னொரு ஊர் கண்ணில் மட்டும் வைத்தது. கண்கள் மூடியதும் கதையும் போய்விட்டது.

டி'ஏஞ்சலிஸும் விமானத் தொழிலில் இறங்கவில்லை. அந்த ஓட்டலும் பின்னாளில் கைமாறி, பொசாட்டோ என்ற பெயரில் நடந்தது. இந்தியாவில் முதல் விமானி உரிமம் ஜே.ஆர்.டி. டாடாவுக்குக் கிடைத்தது 1929-ல். அதற்கு 19 வருடம் முன்பே உரிமம் என்ற பேச்சே இல்லாத காலத்தில் ஒருவர் பறந்துவிட்டு மறுபடி விருந்து பரிமாறப் போய்விட்டார்.

இன்று தென்காசியில் ஒருவர் கட்ட முடியுமா?

கட்டுவது முடியாத காரியம் அல்ல. பிரேசிலில் பிறந்து பாரிசில் வாழ்ந்த சாண்டோஸ் டூமோன், தன் 'டெமாய்செல்' விமானத்தின் வரைபடத்தைக் காப்புரிமை கேட்காமல் உலகத்துக்கே கொடுத்தார். மூங்கில் உடல், துணி இறக்கை. வெறும் எடை 110 கிலோ அளவுதான். 1910-ல் அமெரிக்க இதழ் ஒன்று அதன் வரைபடங்களை வெளியிட்டது. இன்றும் பழைய விமானத்தின் மாதிரியைக் கட்ட நினைப்பவர்கள் அதிகம் விரும்பும் விமானங்களில் அது ஒன்று.

கட்டிய பிறகுதான் சிக்கல். விமானத்தைச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் பதிவு செய்யாமல், பறக்க அனுமதி வாங்காமல் தரையைவிட்டு எழும்பக் கூடாது. மும்பையில் தன் வீட்டு மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய விமானி அமோல் யாதவ், பல வருடம் அலைந்த பிறகே 2017-ல் பதிவு எண் பெற்றார். ஓட்டுபவருக்கும் உரிமம் வேண்டும். தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 17 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, மருத்துவத் தகுதி, 40 மணி நேரப் பறக்கும் பயிற்சி தேவை.

அப்புறம் நம்ம ஊர்க் காற்று. பழைய விமானங்களின் வேகமே மணிக்கு 60, 70 கி.மீ.தான். எதிரே 40 கி.மீ. வேகத்தில் மேல்காற்று அடித்தால் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். மலையைத் தாண்டி இறங்கும் காற்று சுழன்றுதான் இறங்கும். சாரல் கட்டும் மாதங்களில் குற்றாலத்து மலையடிவாரம் இப்படிப்பட்ட விமானத்துக்கு ஆகாது. காற்று அடங்கிய தை, மாசி மாதத்து விடிகாலைதான் தோது. டி'ஏஞ்சலிஸும் மார்ச்சில்தான் பறந்தார்.

அவர் செய்ததில் மிகப் பெரிய விஷயம் பறந்தது மட்டும் இல்லை. கடல் கடந்த ஊரில் யாரோ செய்ததைக் கேட்டு எட்டே மாதத்தில், உள்ளூர்ப் பட்டறையையும் உள்ளூர்க் கைகளையும் நம்பி இறங்கினார். அடுத்த முறை தீவுத்திடலுக்குப் பொருட்காட்சி பார்க்கப் போனால், ராட்டினத்தில் ஏறும் முன் ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். அங்கேதான் அது பறந்தது. போட்டோ எடுத்து, தேதியும் போட்டு வையுங்கள். இந்த முறையாவது காகிதத்தில் இருக்கட்டும்.