புனித சவேரியாரும் சகோதர அன்பும்

யூபிலி நெருங்கிவிட்டது. கோவிலுக்கு வெள்ளையடித்தாயிற்று; கொடிமரமும் வர்ணம் பூசிக்கொண்டது. வெளியூரிலிருந்து உறவினர் வருவார்கள். நம்மோடு ஒரே தெருவில் வாழும் இந்து, இஸ்லாமியச் சகோதரரும் வருவார்கள். அவர்கள் கோபுரத்தையும் தேரையும் மட்டுமா பார்ப்பார்கள்? நாம் ஒருவரோடொருவர் எப்படிப் பழகுகிறோம் என்பதையும் பார்ப்பார்கள். அதைக் கொண்டே நம் வேதத்தை எடை போடுவார்கள். இந்த உண்மையைத் தம் வாழ்நாளெல்லாம் உணர்ந்திருந்த ஒரு புனிதரை இங்கே நினைவுகூர்வோம்.

பிரான்சிஸ் சவேரியார் 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், ஸ்பெயின் நாட்டின் நவார் பகுதியில், சவேரியார் கோட்டையில் பிறந்தார். உயர்குடிப் பிள்ளை, பாரீஸ் பல்கலைக்கழகத்தில் பட்டமும் பதவியும் தேடிச் சென்ற இளைஞர். 1529-இல் அவர் தங்கியிருந்த அறைக்கு, காலில் ஊனமுற்ற நடுவயது மாணவர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவரே இஞ்ஞாசியார். சவேரியாருக்குத் தொடக்கத்தில் அவரைப் பிடிக்கவில்லை. ஆனால் இஞ்ஞாசியார் கோபிக்கவில்லை. சவேரியாரின் வகுப்புக்கு மாணவர்களைத் தேடிக் கொடுத்தார். பணமுடை வந்தபோது உதவினார். வாதத்துக்கு மசியாத மனம் அன்புக்கு மசிந்தது. 1534-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல், மோன்மார்த்தர் குன்றிலுள்ள சிற்றாலயத்தில் இருவரும், வேறு ஐந்து தோழர்களும் தங்களை இறைவனுக்கு அர்ப்பணித்தார்கள். அந்தச் சிறு கூட்டத்திலிருந்தே பின்னர் சேசு சபை பிறந்தது.

1542-ஆம் ஆண்டு மே 6-இல் சவேரியார் கோவாவில் வந்திறங்கினார். அவ்வாண்டின் பிற்பகுதியில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கே பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தும், போதிக்க ஆளின்றி இருந்தார்கள். சவேரியார் செபங்களைத் தமிழில் பெயர்த்து எழுதச் செய்து, மனப்பாடம் பண்ணி, மணியடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று கற்பித்ததை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஆனால் அவர் செபம் மட்டும் கற்பிக்கவில்லை. 1544-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்து ஊர்களைத் தாக்கியது. பலர் சிறைப்பட்டனர், மற்றவர் கடலிலுள்ள பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் மடிந்தனர். சவேரியார் இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. திரும்பி வந்து, கரைவழியே நடந்து போனார். மற்ற ஊர்களின் பட்டங்கட்டிமார் இவர்களுக்குப் பிச்சையிட வேண்டுமென ஏற்பாடு செய்தார். அதிலும் ஒரு கண்டிப்பு: ஏழைகளிடம் எதுவும் வாங்கக்கூடாது, மனமுவந்து கொடுப்பவரிடமே வாங்க வேண்டும். ஓர் ஊர்க் கிறிஸ்தவனின் பசி மற்றோர் ஊர்க் கிறிஸ்தவனின் பொறுப்பு என்பதை அம்மக்கள் இவ்வாறு கற்றார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொரு செய்தி வந்தது. தூத்துக்குடியில் இருந்த போர்த்துக்கீசியத் தலைவர் கோஸ்மே தெ பாய்வாவின் வீடும் மரக்கலமும் எரிந்தன; அவர் தீவுகளுக்குத் தப்பியோடினார். இவரோ பரதவரைச் சுரண்டியவர். சவேரியாருக்கே கடுமையாகக் கடிதம் எழுதியவர். ஆலந்தலையில் இருந்த சவேரியார் மகிழ்ந்தாரா? இல்லை. தம்மைக் கண்டால் அவர் கோபம் மிகும் என்பதால், உடனுழைத்த மான்சில்லாசுக்கு எழுதினார்: கொம்புத்துறையிலிருந்தும் புன்னைக்காயலிலிருந்தும் தோணிகளில் தண்ணீர் ஏற்றி விரைந்து செல்லும்படி வேண்டினார். அதற்காக அநீதியை அவர் மூடி மறைக்கவுமில்லை. அதிகாரிகளின் பேராசையைப் போர்த்துக்கல் அரசருக்கே எழுதினார். குற்றத்தைக் கண்டித்தார், குற்றவாளிக்குத் தண்ணீர் அனுப்பினார்.

1546-இல் மொலுக்கஸ் தீவுகளில் தனிமையில் இருந்தபோது, தம் சகோதரர்களின் கடிதங்களிலிருந்து அவர்கள் கைப்பட எழுதிய பெயர்களை வெட்டியெடுத்து, தம்மோடு எப்போதும் சுமந்து திரிந்தார். சகோதரரை இவ்வளவு நேசித்தவரின் போதகம் பலித்ததில் வியப்பென்ன?

1547-இல் மலாக்காவில் அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்தார். தாம் ஜப்பானுக்கு வந்தால் மக்கள் விசுவசிப்பார்களா என்று கேட்டார். அந்தப் புறச்சமயத்தார் தந்த பதில் நாம் ஒவ்வொருவரும் நெஞ்சில் எழுத வேண்டியது. உடனே மாறமாட்டார்கள், முதலில் பல கேள்விகள் கேட்பார்கள், பிறகு உங்கள் சொல்லும் வாழ்வும் ஒத்திருக்கின்றனவா என்று கவனிப்பார்கள் என்றார் அவர். 1549-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல் சவேரியார் ஜப்பானில் கால்வைத்தார்.

அடுத்து சீனா. அயலார் நுழையக்கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். தூதுக்குழுவாகச் செல்வதே நேர்வழி. நண்பர் தியோகோ பெரைரா தூதராக நியமனம் பெற்றார். கப்பலும் காணிக்கைகளும் ஆயத்தமாயின. ஆனால் 1552-இல் மலாக்காவின் அதிகாரி அத்தாய்தே, பெரைராமீது கொண்ட மனத்தாங்கலால் தூதைத் தடுத்துவிட்டார். சவேரியார் தூதுக்குழுவின்றிச் சான்சியான் தீவுக்குச் சென்றார். சீனக் கரை கண்ணுக்கெட்டும் தூரம். அழைத்துச் செல்ல இசைந்த வணிகன் வரவேயில்லை. டிசம்பர் 3-ஆம் நாள், ஓலைக் குடிசையில், அந்தோனி என்ற சீன இளைஞன் அருகிலிருக்க, நாற்பத்தாறாம் வயதில் உயிர் நீத்தார்.

அன்பர்களே, அந்த நேர்வழியை அடைத்தவர் யார்? சீன மன்னரல்ல, புறச்சமயத்தாருமல்ல. ஞானஸ்நானம் பெற்ற ஒருவர், ஞானஸ்நானம் பெற்ற மற்றொருவர்மீது வைத்திருந்த பகையே அதை அடைத்தது.

நம்மைப் பார்ப்போம். தேர்வடத்தை யார் முதலில் தொடுவது என்று வழக்கு. திருவிழா வரிக்கணக்கில் சந்தேகம். பீடத்தின் அருகே அமர்ந்துகொண்டே ஆண்டுக்கணக்கில் பேசாத அண்ணன் தம்பியர். கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்க்கும் மனம். பங்குக் குருக்களாகிய நாமும் இதில் குற்றமற்றவர்களல்ல. சமாதானம் பேச வேண்டிய நேரத்தில் நமக்கேன் வம்பு என்று ஒதுங்கியதுண்டு. இவற்றையெல்லாம் அடுத்த வீட்டார் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆகவே கொடியேறும் நாளுக்கு முன், நம்மில் ஒவ்வொருவரும் பேசாதிருக்கும் ஒருவர் வீட்டுப் படியேறுவோம். கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்போம். திருப்பித் தர வேண்டியதைத் தருவோம். யூபிலிக்கு நாம் செய்யும் முதல் அலங்காரம் அதுவாகட்டும். நம் கரையோரம் நடந்த புனித சவேரியார் அதற்கான வரத்தை நமக்கு மன்றாடிப் பெற்றுத் தருவாராக.