அல்லாமா இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்கள்

முத்தையாபுரத்தில் நாம் சென்றிருந்த ஒரு வீட்டில், வாலிபத்தில் சங்கு குளித்த பெரியவர் ஒருவர் இருந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். கடலடியில் தம் பிடித்து நிற்கும்போது வாயும் மூக்கும் மூடித்தானே இருக்கின்றன, இழுத்த மூச்சு உள்ளேயே இருந்தும் ஒரு நிமிடத்துக்கெல்லாம் நெஞ்சு ஏன் முட்டுகிறது என்று நம்மிடம் கேட்டார். பக்கத்தில் அவருடைய பேரன் பள்ளிக்கூடப் புத்தகத்தைப் பார்த்து இருதயப் படம் ஒன்றுக்குச் சிவப்பும் நீலமுமாக வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தான். அது துன்யாவின் படிப்பு, முதலில் ஓதுகிற பாடத்தைப் பார் என்று வீட்டிலிருந்த ஒருவர் அவனை அதட்டினார். பெரியவருடைய கேள்விக்கும் அந்த அதட்டலுக்கும் சேர்த்தே விடை சொல்லக்கூடிய ஒரு வாழ்க்கை நமது நினைவுக்கு வந்தது.

அலாவுத்தீன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல்குறஷீ என்பது அவர்களின் பெயர். இப்னு நஃபீஸ் என்றே உலகம் அறியும். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டமாஸ்கஸ் நகருக்கு அருகே பிறந்தார்கள். சுல்தான் நூருத்தீன் ஸங்கி அந்நகரில் கட்டியிருந்த நூரிய்யா மருத்துவமனையில், பெயர்பெற்ற ஹகீமான அத்தக்வார் அவர்களிடம் வைத்தியம் கற்றார்கள். பிறகு மிஸ்ருக்குச் சென்று கெய்ரோவிலேயே வாழ்நாளைக் கழித்தார்கள்.

அங்கே அவர்கள் நோயாளிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஃபிக்ஹு பாடம் நடத்தினார்கள். அதுவும் நமது காயல்பட்டணத்திலும் கீழக்கரையிலும் ஓதப்படுகிற அதே ஷாபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு! ஹதீஸ் கலையிலும் கிதாபு எழுதினார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் சரிதையை ஒட்டியும் ஒரு நூல் செய்தார்கள். நாடித் துடிப்பைப் பிடித்த கையும் ஃபிக்ஹுக் கிதாபைப் புரட்டிய கையும் ஒன்றேதான்.

அவர்களின் பெரிய காரியத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். யவன ஹகீம் ஜாலீனூஸ் காலத்திலிருந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வைத்தியர்கள் ஒரு சொல்லை நம்பி வந்தார்கள். இருதயத்தின் வலது அறையிலுள்ள இரத்தம், நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் வழியாகக் கசிந்து இடது அறைக்குப் போகிறது என்பதே அது. இப்னு ஸீனா அவர்களின் அல்கானூனும் அந்த வழியையே பின்பற்றியது. இருதயத்துக்கு மூன்று அறைகள் என்றும் அதில் கண்டிருந்தது.

ஹிஜ்ரி 640-ல், அதாவது 1242-ல், அல்கானூனின் உடற்கூற்றுப் பகுதிகளுக்கு இப்னு நஃபீஸ் அவர்கள் விரிவுரை எழுதினார்கள். அப்போது வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும். அறைகள் இரண்டே என்றும், நடுச்சுவர் கெட்டியானது, அதில் தெரிந்த துவாரமும் இல்லை, தெரியாத துவாரமும் இல்லை என்றும் எழுதினார்கள். அப்படியானால் இரத்தம் இடப்பக்கம் போவது எப்படி? வலது அறையிலிருந்து அது நுரையீரலுக்குப் போகிறது. அங்கே பரவிக் காற்றோடு கலக்கிறது. பின்பு வேறொரு குழாய் வழியே இடது அறைக்குத் திரும்புகிறது. இதுவே அவர்கள் சொன்ன வழி. இருதயத்தின் சதைக்கு வேண்டிய உணவும் அதன் உடலிலேயே ஓடும் நாளங்களால்தான் கிடைக்கிறது என்றும் குறித்தார்கள். இப்னு ஸீனா அவர்களின் மீது அவர்களுக்கிருந்த மதிப்பு இதனால் குறைந்துவிடவில்லை. உஸ்தாதின் கிதாபுக்கு உரை எழுதுகிறவர் உஸ்தாதின் தவறையும் சொல்லலாம் என்பது அக்கால மத்ரஸாக்களில் அறிந்த வழக்கமே.

பிரேதத்தை அறுத்துப் பார்ப்பதை ஷரீஅத்தும் தமது இரக்க சுபாவமும் தடுத்தன என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியிருக்க இவ்வளவு திட்டமாக எப்படிச் சொன்னார்கள் என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

சங்கு குளித்த பெரியவருக்கு நாம் சொன்ன விடையும் இதிலிருந்து பிறந்ததுதான். நுரையீரலின் சிறு சிறு பைகளிலிருந்து பிராணவாயுவை இரத்தம் எடுத்துக்கொண்டு உடல் முழுவதும் கொடுக்கிறது; கரியமில வாயுவைத் திருப்பிக் கொண்டுவருகிறது. மூச்சை அடைத்தால் அந்தக் கரியமில வாயு வெளியேற வழியின்றிச் சேர்ந்துவிடுகிறது. நெஞ்சு முட்டுவது அதனால்தான். முத்துச் சலாபங்களில் மூழ்கிய நம் முன்னோர் அனைவரும் இதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள், காரணம் அறியாமலே.

மேடைகளில் சிலர், உடல் முழுவதும் இரத்தம் சுற்றுவதையும் இப்னு நஃபீஸ் அவர்களே கண்டுவிட்டதாகப் பேசுகிறார்கள். அது நியாயமல்ல. அவர்கள் கண்டது இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் இடையிலான ஓட்டம். முழுச் சுற்றை விளக்கியவர் 1628-ல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை 1661-ல் பூதக்கண்ணாடியில் கண்டவர் இத்தாலியின் மல்பீகி. இல்லாத பெருமையைச் சேர்த்தால் இருக்கிற பெருமையையும் பிறர் நம்பமாட்டார்கள். நாம் வெட்கப்பட வேண்டியது வேறொன்றுக்கு. அந்த விரிவுரையைப் பல நூற்றாண்டுகள் நாமே மறந்திருந்தோம்! 1924-ல் ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த முஹ்யித்தீன் அத்ததாவீ என்ற மிஸ்ரு நாட்டு மருத்துவ மாணவர் பெர்லின் நூலகத்தில் அதன் கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்த பிறகே உலகம் விழித்துக்கொண்டது.

எழுதும்போது அவர்கள் பிற நூல்களைப் புரட்டுவதில்லையாம். எழுதுகோல்களைச் சீவி வைக்கச் சொல்லி, சுவரைப் பார்த்து அமர்ந்து, மனதிலிருந்தே வெள்ளம்போல் எழுதுவார்களாம். ஒரு நாள் குளித்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் வெளியே வந்து, காகிதமும் மையும் வாங்கி, நாடியைப் பற்றி ஒரு சிறு நூலை எழுதி முடித்துவிட்டு, மீண்டும் குளிக்கப் போனார்கள் என்றும் சரிதைக்காரர்கள் சொல்கிறார்கள். 300 பாகங்களாக எழுதத் திட்டமிட்ட அஷ்ஷாமில் என்னும் மருத்துவப் பெருநூலில் 80 பாகங்களே முடிந்தன.

ஹிஜ்ரி 687 துல்கஃதா மாதம் (1288 டிசம்பர்) நோய் முற்றியது. மது அருந்தினால் குணமாகலாம் என்று உடனிருந்த வைத்தியர்கள் சொன்னார்கள். மதுவை மருந்தாகவும் அருந்தலாகாது என்பதே ஷாபிஈ மத்ஹபின் வலுவான சொல். அதைப் பிறருக்கு ஓதிக்கொடுத்தவர்கள் தம் விஷயத்தில் மட்டும் தளரவில்லை. உடலில் மது இருக்கும் நிலையில் அல்லாஹ்வைச் சந்திக்க மாட்டேன் என மறுத்துவிட்டார்கள். இரத்தத்தில் கலப்பது எங்கெங்கே போய்ச் சேரும் என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் அந்த அறையில் எவர்?

சில நாட்களில், ஒரு வெள்ளிக்கிழமையன்று வபாத்தானார்கள். வீட்டையும் கிதாபுகள் அனைத்தையும் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் அப்போதுதான் கட்டி முடித்திருந்த மன்ஸூரிய்யா மருத்துவமனைக்கு வக்ஃபாக எழுதி வைத்திருந்தார்கள்.