வளைந்து கொடாத சாக்ரடீஸ்

சாக்ரடீஸ் என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது நஞ்சுக் கிண்ணம். பாடநூல்களிலும் மேடைகளிலும் அந்தக் கிண்ணத்தையே கண்டு பழகிய நாம், அவருடைய வாழ்வு முழுவதும் அந்த ஒரு மாலைப் பொழுதில் அடங்கிவிட்டது போல் எண்ணிவிடுகிறோம். எழுபது வயதில் அவர் காட்டிய உறுதி திடீரென வந்து வாய்த்ததன்று. அதற்கு முன்பே இருமுறை சோதனைக்கு உள்ளாகி, இருமுறையும் தேறிய உறுதி அது.

கி.மு. 470-ஐ ஒட்டிய காலத்தில், ஏதென்ஸ் நகரில் கல்தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் சாக்ரடீஸ். தாய் மருத்துவச்சி. நடுவயதில் நாட்டுக்காகப் போர்க்களம் சென்றார். மற்ற நாள்களில் வெறுங்காலோடு கடைவீதியில் நடப்பார். வீரம் எது, நீதி எது என்று எதிர்ப்பட்டவரைக் கேட்பார். எல்லாம் தெரியும் என்று வந்தவர்கள், ஒன்றும் தெரியவில்லை என்ற உணர்வோடு திரும்புவார்கள். கற்பித்ததற்குக் கூலி வாங்கவில்லை. நூல் ஒன்றும் எழுதவில்லை. மாணவர்களான பிளேட்டோவும் செனபோனும் எழுதி வைத்தவற்றால்தான் பெரும்பாலும் அவரை நாம் அறிகிறோம்.

கூட்டத்தின் முன்

கி.மு. 406-இல் அர்கினூசே தீவுகளின் அருகே ஏதென்ஸ் கடற்படை ஸ்பார்ட்டாவை வென்றது. ஆனால் புயலின் காரணமாக, மூழ்கும் கப்பல்களில் தத்தளித்த வீரர்கள் மீட்கப்படவில்லை. மக்கள் கொதித்தெழுந்தனர். தளபதிகளைத் தனித்தனியே விசாரிக்காமல், ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்க வேண்டும் என்றனர். அது சட்டத்துக்கு மாறானது. மன்றத்தை நடத்தும் குழுவில் அப்போது சாக்ரடீசும் இருந்தார். எதிர்த்தோரைக் கூட்டம் அச்சுறுத்தவே, குழுவினர் இணங்கினர், சாக்ரடீஸ் இணங்கவில்லை. அவர் மறுத்தும் நகருக்குத் திரும்பியிருந்த ஆறு தளபதிகள் கொல்லப்பட்டனர். பின்னர் ஏதென்ஸ் மக்களே அதற்காக வருந்தினர்.

கொடுங்கோலர் முன்

கி.மு. 404-இல் மக்களாட்சி வீழ்ந்து, முப்பதின்மர் ஆட்சி வந்தது. சலாமிஸ் தீவிலிருந்து லியோன் என்பவரைக் கொலைக்களத்துக்குப் பிடித்து வருமாறு ஐவருக்கு ஆணை பிறந்தது. தாம் செய்யும் பாவத்தில் ஊராரையும் பங்காளிகளாக்குவது அந்த ஆட்சியாளரின் தந்திரம். ஐவருள் நால்வர் சலாமிசுக்குப் புறப்பட்டனர். ஐந்தாமவரான சாக்ரடீஸ் தம் வீட்டுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டில் அந்த ஆட்சி கவிழாமல் இருந்திருந்தால், அந்த மறுப்பே அவருடைய உயிரைக் குடித்திருக்கலாம்.

நீதிமன்றத்தில்

கி.மு. 399-இல், மீண்டும் மலர்ந்த மக்களாட்சியில், நகரின் தெய்வங்களை மதிக்கவில்லை என்றும் இளைஞரைக் கெடுத்தார் என்றும் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. தப்ப வழிகள் இல்லாமல் இல்லை. குழந்தைகளைக் கூண்டின்முன் நிறுத்திக் கண்ணீர் வடிப்பது அந்நாளைய வழக்கம். மூன்று ஆண்மக்களுக்குத் தந்தையான அவர் அதைச் செய்யவில்லை. கேள்வி கேட்பதை நிறுத்துகிறேன் என்று ஒரு சொல் சொல்லவும் இல்லை. ஏறத்தாழ 500 நடுவருள் 30 பேர் மாறி வாக்களித்திருந்தால் அவர் விடுதலை பெற்றிருப்பார். குற்றவாளி என்று முடிவான பின்பும், நாடு கடத்தலைத் தாமே கேட்டிருந்தால் நடுவர் மகிழ்ந்து இசைந்திருக்கக்கூடும். அவரோ, நகருக்குத் தொண்டு செய்தவர்க்குரிய அரசு விருந்தே தமக்குத் தகும் என்றார். நண்பர்கள் பிணை நிற்க முன்வந்த பிறகே 30 மினா அபராதம் கட்ட இசைந்தார். மரண தண்டனையே தீர்ப்பாயிற்று.

சிறையில்

டெலோஸ் தீவுக்குச் சென்ற புனிதக் கப்பல் திரும்பும்வரை யாரையும் கொல்லக் கூடாது என்பது மரபு. ஆகவே ஒரு திங்கள் அளவு அவர் சிறையில் இருந்தார். நெடுநாள் நண்பர் கிரிட்டோ, காவலரைச் சரிக்கட்டி, வெளியூரில் தங்கவும் ஏற்பாடு செய்துவிட்டு, வைகறையில் வந்து மன்றாடினார். கூட்டத்தின் சினத்தை எதிர்ப்பது எளிது. கொடியவர் ஆணையை மீறுவதும் ஒருவகையில் எளிது. அன்பே உருவாக வந்து நிற்கும் நண்பனுக்கு மறுப்புச் சொல்வதே அரிதினும் அரிது. அதையும் சாக்ரடீஸ் சொன்னார். எழுபது ஆண்டுகள் எந்தச் சட்டங்களின் நிழலில் வாழ்ந்தாரோ, அவற்றைத் தமக்கு ஆகாதபோது மட்டும் உதைத்துவிட்டு ஓட அவர் விரும்பவில்லை. குறித்த நாளில் ஹெம்லாக் என்னும் நச்சுச்செடியின் சாற்றை அமைதியாகப் பருகினார்.

முப்பதின்மர் ஆணையை மீறியவர், நகரின் தீர்ப்புக்கு மட்டும் ஏன் பணிந்தார்? முரண்போலத் தோன்றும் இதில்தான் அவருடைய கொள்கை விளங்குகிறது. பிறர்க்குத் தீங்கு செய்யுமாறு ஏவியபோது அவர் பணியவில்லை. தமக்குத் தீங்கு வந்தபோது, அதிலிருந்து தப்பத் தாமும் ஒரு தவறு செய்ய அவர் இசையவில்லை. தீமையைத் தாங்கலாம், செய்யலாகாது என்ற ஒரே அளவுகோல்தான் இரண்டு இடத்திலும்.

கொள்கைக்காக உயிர்விடும் வாய்ப்பு நம்மில் பலருக்கு வராது. ஆனால் நால்வர் சலாமிசுக்குக் கிளம்பும்போது ஐந்தாமவராக வீடு திரும்ப வேண்டிய நாள் நம் ஒவ்வொருவருக்கும் வரும். அந்த நாளுக்கு இன்றே ஆயத்தமாவதுதான் கல்வியின் பயன்.